கார்டில் இல்லாத புருஷன்

உடம்பு எப்படி இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாரும் முதலில் கேட்கவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆட்டோவை விட்டு இறங்கியதும் எதிர்வீட்டுக்காரர் கேட்டது, "கார்டுல பண்ணாங்களா, கையிலருந்து போச்சா?" என்பதுதான். அவரைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர் கையில் கொடுத்துவிட்டு நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

நகரியில் எனக்கு நாலு பவர்லூம் தறி. வீட்டின் முன்கட்டில் தறிகள், பின்கட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், மனைவி கோமளா, மகள் ஹேமா. ஹேமா சித்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் இன்ஜினியரிங் படித்தாள். ஃபீஸை அரசாங்கம் கட்டியது. கட்டவில்லை என்றால் அந்தக் கல்லூரியின் கேட்டைக்கூட நாங்கள் பார்த்திருக்க மாட்டோம்.

மூச்சு வாங்குவது எனக்கு ஐந்தாறு வருடமாகவே உண்டு. நூல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்று படி ஏறினால் நாலாவது படியில் நிற்பேன். தறிக்காரனுக்கு இருமலும் இரைப்பும் கூடப்பிறந்தவை என்பது எங்கள் ஊர் வைத்தியம். எல்லாப் பழியையும் பஞ்சுத் தூசியின் மேல் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். போன வருடம் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தால் சரியானது. உட்கார்ந்தே தூங்கப் பழகினேன்.

"இன்னாயா, பஸ்ல போறவன் மாதிரி குந்திகினே தூங்கற?" என்றாள் கோமளா. மறுநாளே உள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்தார், வைத்தபடியே வெகுநேரம் இருந்தார். அவ்வளவு நேரம் ஒரு டாக்டர் என்னைக் கவனித்ததே இல்லை. "இது தூசி இல்ல. இருதயத்துல சத்தம் வருது. திருப்பதி போங்க, எக்கோ எடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எக்கோ என்பது பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பார்ப்பார்களே, அதே மாதிரி நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை வைத்து ஓட்டுகிறார்கள். இருதயம் அடிப்பது டிவியில் தெரிகிறது. என் கூட வந்த ஹேமாதான் அதைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா பொறுமைசாலி. என் பேச்சைக் கேட்டதும் தெலுங்கை விட்டுத் தமிழுக்கு வந்தார். நுரையீரலிலிருந்து வரும் நல்ல ரத்தம் ஒரு வாசல் வழியாகத்தான் இருதயத்தின் கீழ் அறைக்கு இறங்க வேண்டும். அந்த வாசல் கதவுக்குப் பெயர் மைட்ரல் வால்வு. எனக்கு அது இறுகி, பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் திறக்கிறது. கீழே போக வழியில்லாத ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. அதனால்தான் மூச்சு முட்டல், கால் வீக்கம் எல்லாம்.

"சின்ன வயசுல காய்ச்சலோட முட்டி வீங்குச்சா?"

நாலாம் வகுப்பில் ஒரு மாதம் பள்ளிக்குப் போகாமல் வீங்கின முட்டிகளோடு படுத்திருந்தது நினைவு வந்தது. ஆரம்பம் அதுதானாம். தொண்டையில் வந்த கிருமி முட்டியைத் தொட்டுவிட்டுப் போய் இருதயத்தில் குடியேறிவிட்டது. இத்தனை வருடமாகப் பாவம் அந்தப் பஞ்சைத் திட்டியிருக்கிறேன். சிலருக்கு பலூன் வைத்து வால்வை விரிப்பார்களாம். என்னுடையதில் சுண்ணாம்பு மாதிரிப் படிந்துவிட்டதால் நெஞ்சைத் திறந்து வேறு வால்வுதான் வைக்க வேண்டும் என்றார்.

"கார்டு இருக்குல்ல? கீழ கவுன்டர்ல காட்டுங்க."

கார்டு என்றால் எங்கள் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. அரசாங்கத்தின் இலவச வைத்தியத் திட்டம். ஆட்சிக்கு ஆட்சி அதற்குப் பெயர் மாறும், அட்டையின் மேல் இருக்கும் படமும் மாறும். நாங்கள் கார்டு என்றே சொல்லிவிடுவது வசதி. வீட்டு ரேஷன் கார்டில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு வைத்தியம். அதே வீட்டுக் கணக்கை வைத்துத்தான் பிள்ளைகளின் கல்லூரி ஃபீஸும்.

கீழே கவுன்டரில் இருந்த பெண் என் ஆதார் எண்ணைத் தட்டினாள். திரும்பவும் தட்டினாள். "மீரு லேரு சார்" என்றாள். நீங்கள் இல்லை என்று அர்த்தம். நான் அவள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். "உங்க மேடம் கார்டுல ரெண்டே பேரு. மேடம், பாப்பா. நீங்க எந்தக் கார்டுலயும் இல்ல."

எனக்குத் தெரியும். என்னை நான்தான் எடுத்திருந்தேன்.

அதற்கு மூன்று வருடத்துக்கு முன் ஹேமாவுக்கு கவுன்சிலிங்கில் சீட்டு கிடைத்தபோது, அரசாங்கம் ஃபீஸ் கட்டும் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே தகுதியில்லை என்று வந்தது. காரணம் கரண்ட். வீட்டில் மாதத்துக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் எரிந்தால் நீங்கள் ஏழை இல்லை என்பது சட்டம். எங்கள் வீட்டில் எரிவது விளக்கா, தறி ஐயா தறி! சொன்னால் கம்ப்யூட்டருக்குப் புரியுமா? மீட்டர் என் பெயரில். நான் எந்தக் குடும்பத்தில் இருக்கிறேனோ அந்தக் குடும்பம் பணக்காரக் குடும்பம்.

தெருவில் இதற்கு ஏற்கெனவே மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஆளைக் கார்டிலிருந்து பிரித்துவிடுவது. எங்கள் தெருவில் பாதி ஆம்பிளைகள் கார்டுப்படி வீட்டை விட்டு ஓடிப்போனவர்கள். சாயங்காலம் எல்லோரும் அவரவர் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வார்டின் அரசு அலுவலகமான சச்சிவாலயத்தில் ஒருவர் தெலுங்கில் கடிதம் எழுதித் தந்தார். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. நான் படித்தது தமிழ் மீடியம். அவரே படித்துக் காட்டினார்: 'என் கணவர் எங்களை விட்டுப் பிரிந்து தனியாக வாழ்கிறார்.' கோமளா கையெழுத்துப் போட்டாள். அப்புறம் அதையே கேலியாக்கிக்கொண்டாள். தட்டில் சோற்றைப் போடும்போதெல்லாம், "கவர்மெண்ட்டுக்குத் தெரியாம என் வூட்ல துன்னுகினு கீற, ஞாபகம் வச்சிக்க" என்பாள். ஹேமாவின் ஃபீஸ் வந்தது. எனக்குத் தனிக் கார்டு தரமாட்டோம் என்றார்கள். இரும்பு மாதிரி இருக்கிற எனக்கு எதற்குக் கார்டு என்று விட்டுவிட்டேன்.

கவுன்டர் பெண் நல்லவள். "மேடம் கார்டுல திரும்ப சேந்துக்கோங்க சார். ரெண்டு மூணு நாளுல ஏறிடும். வைத்தியத்துக்குக் கார்டு இருந்தா போதும், கரண்ட் பாக்கமாட்டாங்க" என்றாள்.

"படிப்புக்கு?" என்றேன்.

"அதுக்கு தவணைக்குத் தவணை பாப்பாங்க சார்."

மீட்டரை வேறு பெயருக்கு மாற்றினால் என்ன என்று நான் கேட்காமல் இல்லை. எரிந்துபோன கரண்டெல்லாம் என் ஆதாரிலேயே நிற்கும், இந்த வருடத்துக்கு உதவாது என்றாள். நாலு தறியையும் விற்றாலும் பாதி ஆபரேஷனுக்குத்தான் காணும். ஆக விஷயம் இதுதான். நான் கார்டுக்குள் வந்தால் எனக்கு வால்வு, ஹேமாவுக்குக் கடைசி வருடம் போச்சு. நான் வெளியே நின்றால் அவளுக்கு டிகிரி. எனக்கு என்ன என்பதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மறுபடி மாடி ஏறி டாக்டரம்மாவிடம் போனேன். "பத்து மாசம் தள்ளிப் போடலாமா மேடம்? பொண்ணு படிப்பு முடிஞ்சிடும்."

"பத்து மாசமா? மூணு மாசமே அதிகம் சார்" என்றார்.

பஸ்ஸில் ஹேமாவிடம், "உங்க அம்மாகிட்ட மாத்திர குடுத்து அனுப்பிட்டாங்கன்னு சொல்லு. பத்து மாசம் ஓட்டிடுவேன்" என்றேன். புத்தூர் தாண்டும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். "சரி நைனா" என்றாள். மகள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். களைப்பில் அதுவும் தோன்றவில்லை.

நாலு நாள் கழித்து சச்சிவாலயத்திலிருந்து ஒரு பெண் டேப்லெட்டோடு வீட்டுக்கு வந்தாள். "ரேஷனுக்கு கைரேகை கேக்கறாங்க நைனா, வச்சிடு" என்றாள் ஹேமா. நூலை முடிச்சுப் போட்டுப் போட்டு என் விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. பத்து விரலையும் வைத்துப் பார்த்து, கடைசியில் கண்ணைப் படம் பிடித்துக்கொண்டு போனாள். கோமளா சமையலறை வாசலில் நின்றபடி என் பக்கம் திரும்பவே இல்லை.

மாத்திரை வாங்க வேண்டும் என்று ஹேமா சொல்ல, அடுத்த வாரம் மூவரும் திருப்பதி போனோம். ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் பாதிப் பேருக்கு மொட்டைத் தலை. மலைக்குப் போய்விட்டு இங்கே வந்தவர் யார், இங்கே பார்த்துவிட்டு மலைக்குப் போகிறவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. கவுன்டர் பெண் என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இப்ப நீங்க இருக்கீங்க சார். அப்ரூவல் வந்துடுச்சி. இன்னிக்கே அட்மிஷன்."

புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கத்திவிட்டேன். "யார கேட்டு சேத்தீங்க? மூணு வருஷம் இதுக்கா நான் ஓடிப்போனவனா இருந்தேன்?" மொட்டைத் தலைகள் எல்லாம் திரும்பின. மூச்சு வாங்கியதால் சண்டையைக்கூட ஒழுங்காகப் போட முடியவில்லை.

"இத்தனை நாளா எங்கிட்டயே மறச்சிகினு இருந்தியே, உன்ன இன்னா பண்ணலாம்?" என்றாள் கோமளா.

ஹேமா என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "ஃபீஸ் போனா எப்பவாச்சும் கட்டிக்கலாம் நைனா. நான் பாஸ் பண்ணி வந்து யார்கிட்ட காட்டறது, மீட்டர்கிட்டயா?"

எனக்கு அழுகை வந்தது. அங்கே அழுவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை, நானும் படவில்லை.

ஆபரேஷனுக்கு முன் பத்து நாள் டெஸ்ட்டுகள். ரத்தம், எக்ஸ்ரே, இருதயக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோ. இதற்கு நடுவே பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். இருதயத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி புது வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். வால்வு மாற்றப் போனவன் முதலில் பல்லை இழந்தேன்.

ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றபோது ஹேமாவின் வகுப்புப் பிள்ளைகள் சித்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். கடைசி வருடம் முழுக்கத் தங்களோடு ஹேமா இருப்பாளா என்பது அவர்களுக்கும் தெரியாது. ஒரு பெண்ணுக்கு எடை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே போய் எனக்கு நாலு சாத்துக்குடி வாங்கி வந்தாள்.

ஆபரேஷன் அன்று காலை ஒப்புதல் படிவத்தில் கோமளா கையெழுத்துப் போட வேண்டும். நர்ஸ், "பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டாள். கோமளா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பொண்டாட்டிதாம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

விழித்தபோது தொண்டையில் குழாய், நெஞ்சில் குழாய், கழுத்தில் குழாய். பேச முடியாது. வலியைவிடத் தாகம்தான் என்னைக் கொன்றது. குழாயை எடுத்தபிறகு நர்ஸ் பஞ்சில் நனைத்து உதட்டில் தடவிய அந்தத் துளித் தண்ணீருக்காக அவள் பிள்ளைகுட்டி எல்லாம் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். இருமினால் உயிர் போகும். ஒரு தலையணையைக் கொடுத்து, அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமு என்றார்கள். மூச்சுப் பயிற்சிக்கு ஒரு சாமானும் உண்டு. உறிஞ்சினால் அதற்குள் மூன்று குண்டுகள் மேலே எழும்ப வேண்டும். சளி கட்டாமல் இருக்க அது. எனக்கு ஒரு குண்டுதான் எழுந்தது. பக்கத்துக் கட்டிலில் வெதுருகுப்பத்து மாந்தோப்புக்காரர் முனிரத்தினம் மூன்றையும் எழுப்பிவிட்டு என்னைப் பார்ப்பார்.

"இன்னா அண்ணே, தறிகாரருக்கு இன்னும் கரண்ட் வரலியா?"

"எனக்கு கரண்ட் பேச்சே எடுக்காதப்பா" என்றேன். கதையைச் சொன்னேன். அவர் தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தார், சிரித்தால் வலிக்கும் என்பதால். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என் பையனுக்கு கவர்மெண்ட் ஃபீஸ் தவணை வரல, காலேஜுல ஹால் டிக்கெட் குடுக்க மாட்டேங்கறான். எனக்கு கார்டுல எல்லாம் சுத்தமாதான் கீது. அப்பவும் வரல" என்றார். அவர் மனைவி வீட்டிலிருந்து வந்த மோரை எங்களுக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள்.

படுத்திருக்கும்போது யோசிக்க நேரம் நிறைய. அரசாங்கத்தைத் திட்டலாம் என்றால் வாய் வரவில்லை. என் நெஞ்சுக்குள் ஓடுகிற உலோக வால்வு அது கொடுத்தது. வாழ்த்தலாம் என்றால் மனசு வரவில்லை. ஒரு கையால் உயிரைக் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் பிள்ளையின் புத்தகத்தைப் பிடுங்குகிறது. இரண்டு கைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. எங்கள் பொய்யும் பொய்தான், மறுக்கவில்லை. தறியை விளக்கு என்று எண்ணுகிற சட்டத்துக்கு எங்களுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். உறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், ரொம்ப இளகினால் எங்காவது ரத்தம் கசியும். அதனால் மாதம் ஒரு தடவை ரத்தம் எப்படி இருக்கிறது என்று டெஸ்ட். கீரையை ஒரு நாள் அள்ளிச் சாப்பிட்டு ஒரு நாள் விடக்கூடாது. தறி நின்று தெரு அமைதியானால் வால்வின் டிக் டிக் எனக்கே கேட்கிறது.

ஹேமாவின் கடைசி வருடத் தவணை வரவில்லை. சொன்னபடி, கரண்ட். கெஞ்சியதில் கல்லூரியில் பரீட்சை எழுதவிட்டார்கள். பாஸ் செய்துவிட்டாள். சர்ட்டிபிகேட் மட்டும் பாக்கி கட்டும்வரை அவர்கள் பீரோவில். இப்போது சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் ப்ளஸ் டூ சர்ட்டிபிகேட்டைக் காட்டி ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து அவள் இறங்கி வரும்போது நான் தறியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்கிறேன். அவள் கையில் இருக்க வேண்டியது என் நெஞ்சில் இருக்கிறது. அதை எந்த டாக்டரும் ஆபரேஷன் செய்து எடுக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை ரத்த டெஸ்ட்டுக்குப் போக ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடினேன். உள்ளே ஒரு தெலுங்குக் காகிதம் இருந்தது, அடியில் கோமளாவின் கையெழுத்து. ஹேமாவுக்கு அன்று லீவு. "இது இன்னா காயிதம், படி" என்றேன்.

"உன்ன கார்டுல சேத்தோமில்ல, அப்ப அம்மா குடுத்ததோட ஜெராக்ஸ் நைனா. சச்சிவாலயத்துல எழுதறவரு வரல. அம்மாவே சொல்லச் சொல்ல நான் எழுதினேன்."

"படி."

அவள் ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "'பிரிஞ்சி போய்ட்டாருன்னு நான் எழுதிக் குடுத்த என் வூட்டுக்காரரு திரும்பி வந்துட்டாரு. அவுருக்கு உடம்பு சரியில்ல. அவுரு எனக்கு வோணும். இனிமே எங்க கூடத்தான் இருப்பாரு.'"

"ஏண்டி, வேற வேல இல்ல உனக்கு?" என்று உள்ளேயிருந்து கோமளா அதட்டினாள். "முன்ன குடுத்த காயிதம்தான் பொய்யி. இதுல இன்னா பொய்யி கீது?"

காகிதத்தை வாங்கி மடித்து ஃபைலில் வைத்தேன். கோமளா தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"கவர்மெண்ட்டுக்கே தெரிஞ்சி போச்சி. ஒக்காந்து துன்னு."